சோம்பேறிப் புரதத்துக்கு இரண்டு தட்டு

உட்கார்ந்தால் அவனுடைய இடது கால் ஆடும். குதிகால் தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பும், முழங்கால் தையல் மெஷின் ஊசி மாதிரி ஏறி இறங்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் அதற்காக அடி வாங்கியிருக்கிறான். கல்யாணப் போட்டோவில் இடுப்புக்கு மேலே மாப்பிள்ளை பளிச்சென்று இருக்கிறான். இடது முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு புகைமூட்டம் தெரிகிறது. ஒருதரம் பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் மடியில் பால் தூக்கு வைத்திருந்தார். இறங்குகிற இடம் வந்து மூடியைத் திறந்தால் வெண்ணெய் திரண்டு மிதக்கிறது. மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. மிச்சத்தை என்ன செய்வது என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

வேலை செய்கிற ஆய்வகத்தில் அவனுக்குக் காலாட்டி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அல்ல, முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள். அவனும் திரும்பிப் பார்ப்பான்.

காலாட்டியின் வேலை ரத்தப் புற்றுச் செல்களை ஆளாக்குவது. அந்தச் செல்கள் என்ன ஜாதி என்றால், பிறந்தது முதல் வளர மறுத்த பிள்ளைகள். நல்ல வீட்டு வெள்ளணு பிறக்கும், வளரும், கிருமியைப் பிடித்துத் தின்கிற தொழிலைக் கற்றுக்கொள்ளும், சில நாள் உழைக்கும், மரியாதையாகச் செத்துப்போகும். இவை தொழிலும் கற்றுக்கொள்ளாது, சாகவும் சாகாது. தன்னைப்போலவே இன்னொன்றைப் பெற்றுப்போட்டுவிட்டு மறுபடி சும்மா இருக்கும். இப்படி ஒரு கூட்டம் உடம்புக்குள் சேர்ந்தால் உடம்பு என்ன ஆகும்? அவற்றை விஷம் வைத்துக் கொல்வது ஒரு வழி. புத்தி வரவைத்து வளரச் செய்வது இன்னொரு வழி. வளர்ந்துவிட்டால் தானாகச் செத்துவிடும் அல்லவா? காலாட்டி இந்த இரண்டாவது வழிக்காரன்.

செல் வளருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற இடத்தில் ஒரு புரதம் படுத்துக் கிடந்தது. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஆய்வகத்தில் யாருக்கும் அதை முழுதாகச் சொல்லப் பொறுமை இல்லாததால் சோம்பேறி என்று வைத்துவிட்டார்கள். புரதங்களை எழுப்புவதற்கென்று செல்லுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. கைனேஸ் என்கிற நொதி வந்து, பாஸ்பேட் என்கிற துணுக்கை எடுத்து, புரதத்தின் மேல் இன்ன இடம் என்று பார்த்து ஒட்டிவைக்கும். தோளில் ஒரு தட்டு தட்டுகிற மாதிரிதான். ஒட்டியதும் புரதம் நெளியும், திரும்பும், வேலைக்குக் கிளம்பும். மற்ற புரதங்களில் பலவும் ஒரு தட்டில் எழுந்துவிடும். இந்தச் சோம்பேறிக்கு இரண்டு தட்டு வேண்டும். முதல் தட்டில் புரண்டு படுக்கும். இரண்டாவது தட்டில்தான் எழுந்து உட்கார்ந்து, செல்லைப் பார்த்து, நீ ஆளாகு என்று சொல்லும்.

இந்த இரண்டு தட்டையும் ஒரு மஞ்சள் மருந்தே கொடுத்துவிடுகிறது என்று காலாட்டி கண்டுபிடித்தான். மருந்தைக் குடுவையில் விட்டு, செல்களுக்கு இளஞ்சூடு கொடுக்கிற இன்குபேட்டரில் வைத்தால் நாலைந்து நாளில் செல்கள் வளர்ந்துவிட்டன. சாயம் விட்டுப் பார்த்தால் வளர்ந்த செல்கள் சாயத்தைக் குடித்துக் கருநீலமாகும், வளராதவை வெளுத்தே கிடக்கும். அவனுடையவை மைக்கூடு கவிழ்ந்த மாதிரி நீலமாயின. புரதத்தைப் பிரித்துப் படம் எடுத்துப் பார்த்தால் முதல் தட்டுக்கு ஒரு கோடு, இரண்டாவது தட்டுக்கு ஒரு கோடு, இரண்டும் கறுப்பாக விழுந்தன. திரும்பச் செய்தான், விழுந்தன. இன்னும் ஒருதரம் செய்தான், விழுந்தன. கட்டுரை எழுதினார்கள். கட்டுரை வெளிவந்தது. காலாட்டி புதுச் சட்டை வாங்கிக்கொண்டான்.

சட்டை முதல் சலவைக்குப் போவதற்குள் சேதி வந்துவிட்டது. ஆய்வகத் தலைவரைப் பெரியவர் என்பார்கள். அவர் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரு."

உட்கார்ந்தான். மேசை மேல் இருந்த பேனா நகர்ந்து நகர்ந்து விளிம்புக்குப் போய்க் கீழே விழுந்தது.

"மொதல்ல அத நிறுத்து."

"எத சார்?"

"விடு. வேற ஊர்ல ஒரு கூட்டம் நம்ம சோதனையச் செஞ்சு பாத்திருக்கு. அதே செல்லு, அதே மருந்து. நம்ம பாட்டில்லேர்ந்தே கொஞ்சம் வாங்கிட்டுப் போயி செஞ்சிருக்காங்க. செல்லு வளரலயாம்."

"கோடு?"

"முதல் கோடு வருதாம். ரெண்டாவது கோடு வரலயாம்."

"நமக்கு வருதே சார்."

"நமக்கு வருதுன்னு நாமதானேப்பா சொல்றோம்." பெரியவர் பேனாவைக் குனிந்து எடுத்தார். "வெளியிலேர்ந்து ஒரு அம்மா வர்றாங்க. சரிபாக்கறதுதான் அவங்களுக்குத் தொழிலே. இங்கயே உக்காந்து, அவங்க கையாலேயே செய்வாங்க. ரெண்டு கோடும் வந்தா நல்லது. வரலன்னா கட்டுரையத் திரும்ப வாங்கிக்கணும். அப்பறம் உன்ன என்னன்னு சொல்லுவாங்கன்னு நான் வேற சொல்லணுமா?"

"புளுகன்னு சொல்லுவாங்க."

"படிச்ச புளுகன்னு சொல்லுவாங்க. அது இன்னும் கேவலம்."

திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான். பக்கத்து மேசைக்காரனுக்குப் பல்லி என்று பெயர். எதைச் சொன்னாலும் "ச்" என்பான். நல்லதற்கும் அதே சத்தம், கெட்டதற்கும் அதே சத்தம். காலாட்டி நடந்ததைச் சொன்னான். பல்லி "ச்" என்றான். காலாட்டிக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. எழுந்தான், உட்கார்ந்தான், மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்தான். அவன் மேசையும் இன்குபேட்டர் நிற்கிற இரும்பு மேசையும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு முடுக்கப்பட்டவை. அவனுடைய இடது முழங்கால் அந்த இரும்புக் காலில் பட்டுப் பட்டுத் தேய்ந்து, அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் போய் வெள்ளி மாதிரி மின்னும். அதை யாரும் அதிசயமாகப் பார்த்ததில்லை. பழகிப்போன மின்னல்.

அவன் மனைவி தெருமுனையில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற கடை வைத்திருந்தாள். ஒரு நாளைக்கு அவள் அதிகம் சொல்கிற சொல் "ஆடாதீங்க" என்பதுதான். கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனான். ஸ்டூலில் உட்காரவைத்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். ஸ்டூல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி அவன் முகம் சுவரைப் பார்த்துவிட்டது.

"இதப் பாருங்க," என்றாள் ஸ்டூலைத் திருப்பி. "அந்தம்மா வந்து உக்கார்றப்ப இப்படி ஆட்டினீங்கன்னா என்ன நெனப்பாங்க? மடியில கனம் இருக்கறவன்னு நெனப்பாங்க. பொய் சொல்றவனுக்குத்தான் கால் நிக்காது."

"நான் பொய் சொல்லலையே."

"எனக்குத் தெரியும். உங்க காலுக்குத் தெரியலையே. அவங்க இருக்கற வரைக்கும் அது ஆடவே கூடாது."

"என் கையிலயா இருக்கு?"

"கையில இல்லங்க, கால்ல இருக்கு. குடுங்க இங்க."

இரண்டு ஷூவின் லேஸையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு விளக்குக் கம்பம் சாயாமல் இருக்க அடியில் வைக்கிற மணல் பை ஒன்றை எடுத்து அவன் இடது தொடைமேல் வைத்தாள். கால் இரண்டு தரம் முண்டிப் பார்த்துவிட்டு அடங்கியது. காலாட்டிக்குத் தன் காலே யாரோ இறந்த வீடு மாதிரி இருந்தது.

"வீட்லயும் இப்படியே உக்காந்து பழகுங்க," என்று சொல்லிப் பையைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

சோதனைக்கார அம்மா ஒரு சின்னப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். குட்டையான உருவம், கழுத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட கண்ணாடி, பேச்சு ரொம்பக் கம்மி. வணக்கம் என்று சொன்னதற்கே தலையை மட்டும் அசைத்தார். செல்களை அவரே எடுத்தார், மருந்தை அவரே அளந்தார், குடுவைகளை அவரே காலாட்டியின் இன்குபேட்டரில் வைத்தார்.

"நான் என்னம்மா செய்யணும்?" என்று கேட்டான்.

"ஒண்ணும் செய்யவேணாம். உங்க எடத்துல உக்காந்திருங்க."

உட்கார்ந்தான். லேஸ் முடிச்சு, மேலே மணல் பை. கால் ஆடவில்லை. ஆனால் அந்தப் பரபரப்பு எங்கேயாவது போகவேண்டுமே. முதல் நாள் அது இடது கண் இமைக்கு ஏறித் துடித்தது. மறுநாள் வலது காதுக்கு வந்தது. மனிதக் காது ஆடுவதைப் பல்லி அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தான், "ச்" என்று சொல்லக்கூட மறந்துவிட்டான். 

நடுவில் ஒருநாள் அந்தம்மா இன்குபேட்டரைத் திறந்தபோது அவனும் எட்டிப் பார்த்தான். உள்ளே ஈரம் குறையாமல் இருக்க அடித்தட்டில் ஒரு தண்ணீர்த் தாம்பாளம் வைத்திருப்பார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. அதில் தன் முகம் தெரிந்தது. சவரம் செய்து எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டான். இத்தனை வருஷத்தில் அந்தத் தண்ணீரில் தன் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லையே, எப்போதும் வட்டம் வட்டமாகக் கலைந்துகொண்டுதானே இருக்கும் என்று நினைத்திருக்கவேண்டும். நினைக்கவில்லை. உள்ளே சுழல்கிற காற்றாடியால்தான் தண்ணீர் கலைகிறது என்று என்றைக்கோ முடிவு கட்டி வைத்திருந்தான்.

வாரக் கடைசியில் சாயம் விட்டார்கள். செல்கள் வெளுத்து, உருண்டையாக, பச்சைப்பிள்ளை மாதிரி கிடந்தன. படத்தில் முதல் கோடு நன்றாக விழுந்திருந்தது. இரண்டாவது கோடு இருக்கவேண்டிய இடம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"ச்," என்றான் பல்லி.

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். "மருந்து முதல் தட்டக் குடுக்குது. அது உண்மை. ரெண்டாவத யார் குடுக்கறாங்கன்னு தெரியல. இன்னொரு வாட்டி வச்சுப் பாக்கலாம். அதோட நான் கிளம்பணும்."

சாயங்காலம் வெயில் இருக்கும்போதே வீட்டுக்குப் போனான். மாடியில் அவனும் மனைவியும், கீழே மாமியார். படியில் கால்வைப்பதற்குள் மாமியார் கதவைத் திறந்தார்.

"மாப்பிள்ள, நில்லுங்க. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் அத்த." கால் ஓய்ந்துபோய் முதல் படியிலேயே உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் லேஸ் இரண்டையும் சேர்த்து முடிவது அதற்குள் பழக்கமாகிவிட்டிருந்தது. முடிந்துகொண்டான்.

"என்ன நல்லா இருக்கீங்க? ஒரு வாரமா என் விளக்கு ஆடலயே."

"எந்த விளக்கு?"

"கூடத்துல தொங்குதே, அதுதான். மேல நீங்க உக்காந்தா கீழ அது ஆடும். அது ஆட ஆட எனக்குக் கண்ணு சொருகும். ஒரு வாரமா அது செத்த பாம்பு மாதிரி தொங்குது, எனக்குப் பொட்டுத் தூக்கம் கெடையாது. மாப்பிள்ள ஊர்ல இல்லையோன்னு பாத்தா, செருப்புச் சத்தம் கேக்குது. அப்ப ஒடம்புதான் சரியில்லன்னு நெனச்சேன்."

"நான் மேல காலாட்டினா கீழ உங்க விளக்கு ஆடுமா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஆடுது. சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

காலாட்டி விளக்கைப் பார்த்தான். அது அசையாமல் தொங்கியது. அதைப் பார்த்த கண்ணுக்கு அசையாமல் கிடந்த இன்னொன்று தெரிந்தது. தாம்பாளத்துத் தண்ணீர். அப்புறம் முழங்கால் பட்டு மின்னுகிற இரும்புக் கால். அப்புறம் போல்ட். அப்புறம் அந்த மேசைமேல் நிற்கிற இன்குபேட்டர், அதற்குள் இருக்கிற குடுவை, குடுவைக்குள் இருக்கிற செல். செல்லை உலுக்கினால் விழித்துக்கொள்கிற கைனேஸ்கள் உண்டு. சூடுபட்டால் எழும், உப்பு ஏறினால் எழும், ஆட்டினால் எழும். அவன் இரண்டாம் வருஷத்தில் பரீட்சைக்குப் படித்து, எழுதி, மறந்த பாடம்.

ஆய்வகத்துக்குத் திரும்ப ஓடினான் என்று சொல்லமுடியாது. லேஸ் முடிச்சில் இருந்ததை மறந்துவிட்டதால் முதல் தெரு முழுவதும் தத்தித் தத்தியேதான் போனான். அப்படியும் ஒரு சைக்கிளை முந்தினான்.

பெரியவர், அந்தம்மா, பல்லி மூவரும் இன்னும் இருந்தார்கள். மூச்சு வாங்க நின்று சொன்னான்.

"ரெண்டாவது தட்டு என் கால்."

பெரியவர் கதவைச் சாத்தினார். "இத வெளியில எங்கயும் சொல்லாத," என்றார். "புளுகன்னு சொல்றதோட நிறுத்திக்கட்டும். வேற பேர் வேணாம்."

அந்தம்மா மேசைக்கடியில் குனிந்து அந்த இரும்புக் காலின் மின்னுகிற இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து, "ஆட்டுங்க," என்றார்.

மணல் பையை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். காலாட்டினான். அதாவது ஆட்டப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அதுபாட்டுக்கு ஆடிய கால், ஆடு என்று சொன்னதும் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பாடச் சொன்ன மாதிரி நெளிந்தது. இரண்டு தரம் வேகமாக ஆடும், ஒருதரம் மெதுவாக ஆடும், அப்புறம் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று ஞாபகம் வந்து நின்றுவிடும். பல்லி பக்கத்து அறையிலிருந்து குடுவை ஆட்டுகிற மெஷினைக் கொண்டுவந்தான். அது பேய்பிடித்த மாதிரி ஆட்டியது. அதில் வைத்த செல்கள் வளரவும் இல்லை, இருக்கவும் இல்லை, உடைந்து கூழாகிவிட்டன. மெதுவாக வைத்தால் நின்றேவிட்டது.

"மிஷினுக்கு உங்க கால் பக்குவம் வரல," என்றார் அந்தம்மா. அதுதான் அவர் அதுவரை பேசியதிலேயே நீளமான பாராட்டு.

மறுநாள் காலையில் நான்கு குடுவைகள் தயார் செய்தார். ஒன்றில் மருந்து, காலாட்டியின் இன்குபேட்டரில். ஒன்றில் மருந்து, நடையின் அந்தக் கோடியில் இருக்கிற வேறு இன்குபேட்டரில். மருந்தில்லாமல் இங்கே ஒன்று, மருந்தில்லாமல் அங்கே ஒன்று. எது எதென்று தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி மேலே குறி போட்டார். பிறகு தன் பெட்டியை எடுத்துவந்து, காலாட்டியின் கண்ணுக்கு நேராக, வாசல் பக்கத்தில் வைத்தார்.

"துணியெல்லாம் மடிச்சு வச்சாச்சு," என்றார். "இந்தத் தடவ வரலன்னா நேரா கெளம்பறதுதான். நீங்க உங்க எடத்துல உக்காருங்க. காலப் பத்தி நெனக்காதீங்க."

உட்கார்ந்தான். பெட்டியைப் பார்த்தான். பழுப்பு நிறப் பெட்டி, ஒரு மூலை நசுங்கியிருந்தது. இந்தப் பெட்டி போகிற அன்றைக்குத் தன் பெயரும் அதற்குள்தான் போகும் என்று தோன்றியது. ஊர் ஊராகப் போய்த் திறக்கும். திறக்கிற இடத்தில் எல்லாம் படிச்ச புளுகன் என்று ஒரு சட்டையை உதறி மாட்டுவார்கள். அந்த அம்மா அதை எந்த ஊருக்குக் கொண்டுபோவார்? முதலில் அந்த இன்னொரு ஆய்வகத்துக்கா? அவர்கள் சிரிப்பார்களா, இல்லை பாவம் என்பார்களா? பாவம் என்றால் அது இன்னும்...

தலைநிமிர்ந்தபோது பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல்லியும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ச்" சொல்லாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். எங்காவது ஒழுகுகிறதோ என்று காலாட்டியும் மேலே பார்த்தான். ஒன்றும் இல்லை. அந்தம்மா மட்டும் வாயில் விரல் வைத்திருந்தார். அவன் பார்த்ததும் விரலை எடுத்து மூக்கைச் சொறிந்துகொண்டார்.

நாலு நாளும் இதே கூத்துதான். யாரும் அவன் மேசைக்குக் கீழே பார்க்கவில்லை. அவன் பெட்டியைப் பார்த்தான், பெட்டி அவனைப் பார்த்தது. பெரியவர் நடைபாதையில் எதிர்ப்பட்டால் தலைக்கு மேலே பார்த்துப் பேசினார். தன் முகத்தில் முழிக்கக்கூட இவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து அவன் இன்னும் தவித்தான். அவன் தவிக்கத் தவிக்க, பல்லி தன் மேசைமேல் இருந்த கண்ணாடிச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து நடுவில் தள்ளி வைத்தான்.

கடைசி நாள் சாயம் விட்டார்கள். மூன்று குடுவை வெள்ளை. ஒன்று நீலம், நல்ல மைக்கூட்டு நீலம். அந்தம்மா குறியைத் திருப்பிப் பார்த்தார். மருந்தும் காலும் சேர்ந்த குடுவை. படத்தில் அங்கே போன மருந்துக் குடுவைக்கு முதல் கோடு மட்டும் இருந்தது. இங்கே இருந்ததற்கு இரண்டாவது கோடும் விழுந்திருந்தது, அட்டையில் கரித்துண்டால் இழுத்த மாதிரி.

"மருந்து மட்டும் போதும்னு நீங்க எழுதினது தப்பு," என்றார் அந்தம்மா. "செல்லு வளந்துச்சுன்னு சொன்னது பொய் இல்ல."

காலாட்டி அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான். இத்தனை நாள் சுமந்ததெல்லாம் வழிந்து இறங்கிப் போனது. அப்படியே போகிற போக்கில் இன்னொன்றும் போனது. பல்லிதான் முதலில் கவனித்தான்.

"ச். நின்னுடுச்சு."

"எது?"

"கால்."

குனிந்து பார்த்தான். இரண்டு பாதமும் தரையில் பதிந்து, பக்கத்துப் பக்கத்தில், போட்டோவுக்கு நிற்கிற அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

"ஒரு தடவ நடந்தா எழுதமுடியாது," என்று பெரியவர் காதில் சொன்னார் அந்தம்மா, கவலையோடு. "ரெண்டாவது செட்டு உள்ள வச்சாச்சு. இது நின்னா அது வளராது."

பெட்டியை வாசலில் வைத்துப் பார்த்தார்கள். அவன் அதைப் பார்த்துப் புன்னகை செய்தான். மேசையைப் பிடுங்கிவிடுவேன் என்று பெரியவர் மிரட்டினார். ஜன்னல் பக்கம் போட்டால் காற்று வரும் என்றான். பல்லி தொடர்ந்து "ச்" கொட்டினான், அதில் தாளம் கேட்டுத் தலையாட்டினான். தண்ணீர்த் தாம்பாளம் கண்ணாடியாகக் கிடந்தது. பொய்யன் இல்லை என்று ஆன மனுஷனை எதை வைத்துக் கலைப்பது? கலையாவிட்டால் அவன் மறுபடி பொய்யன். அவன் நன்மைக்காகவே அவன் நிம்மதியைக் கெடுத்தாகவேண்டியிருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அவன் காலைப் பற்றி நினைப்பான், நினைத்தால் கால் நெளியும். பெரியவர் கடைசியில் அவன் மனைவிக்கு போன் போட்டார். அவள் விஷயத்தைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே கடையில் யாரிடமோ "ஆடாதீங்க" என்றாள். பிறகு, "நான்தானே நிறுத்தச் சொன்னேன், நானே பாத்துக்கறேன்," என்றாள்.

மதியம் மாமியார் வந்தார். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, இன்னொரு கையில் துணி சுற்றிய மூட்டை. நேராக அவன் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வாங்க அத்த. என்ன இவ்ளோ தூரம்?"

"சாப்பாடு குடுத்துட்டுப் போலாம்னு. அப்படியே ஒரு விஷயம்." மாமியார் நிதானமாகத் தூக்கைத் திறந்தார். "கீழ் வீடு எனக்கு எதுக்கு மாப்பிள்ள, ஒத்தக் கட்டைக்கு? காலி பண்ணிட்டு மேலயே உங்களோட வந்துடலாம்னு பாக்கறேன்."

"நீங்க சும்மா சொல்றீங்க."

"கூடத்துல ஜன்னல் ஓரமா உங்க சாய்வு நாற்காலி இருக்கே, அத எடுத்துட்டா என் கட்டில் கச்சிதமா நிக்கும். அளந்துட்டுத்தான் வர்றேன்."

காலாட்டி சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. மாமியாரின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் விளையாட்டா நிஜமா என்று படிக்க அவனுக்கு இதுவரை வாய்த்ததில்லை.

"காலையில நான் வெள்ளன எழுந்து ரேடியோ போடுவேன்," என்றார் மாமியார். "அது ஒண்ணுதான் பழக்கம். சாப்பிடுங்க."

"அவளுக்குத் தெரியுமா?"

"அவதான் சாய்வு நாற்காலியத் தூக்கிக் கடையில போட்டுட்டாளே."

பெரியவர் கூரையைப் பார்த்தார். பல்லியும் பார்த்தான். அந்தம்மா எழுந்து போய் இன்குபேட்டரின் கதவை மெதுவாகத் திறந்து, தாம்பாளத்தைப் பார்த்தார். வட்டம் மேல் வட்டமாகத் தண்ணீர் விரிந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல் மூடினார்.

இரண்டாவது செட்டும் நீலமாயிற்று. கட்டுரையைத் திரும்ப வாங்கவில்லை. திருத்தம் மட்டும் போட்டார்கள். "லேசான அதிர்வு" என்று எழுதலாம் என்றார் பெரியவர். அந்தம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஆராய்ச்சியாளரின் இடது முழங்கால் வழியாக மேசைக்குச் சென்ற அதிர்வு" என்று அவரே எழுதினார், எழுதிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனார். அந்த இன்னொரு ஆய்வகத்தில், ஆட்டுகிற மெஷினை அந்தப் பக்குவத்துக்குத் திருத்த ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி. இன்னும் சரியாக வரவில்லையாம். அவர்களுடைய மெஷினுக்கு மாமியார் கிடையாது.

திருத்தம் வெளிவந்த அன்று காலாட்டி வீட்டுக்குப் போனபோது கூடத்தில் ஜன்னல் ஓரம் கட்டில் இருந்தது. கட்டிலுக்கு மேலே, கீழ் வீட்டு விளக்கு தொங்கியது. அன்றைக்கு ஆய்வகத்துக்குத் துணிசுற்றிக் கொண்டுவந்த மூட்டை என்ன என்று அப்போதுதான் புரிந்தது. அன்றைக்குத் தன் அம்மா அந்த விளக்கோடு கடைக்கு வந்து அதற்குப் புதுச் சங்கிலி வாங்கித் தரச் சொன்னாள் என்று மனைவி சொன்னாள்.

மாமியார் கட்டிலில் படுத்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். காலாட்டி எதிரே தரையில் உட்கார்ந்தான், சாய்வு நாற்காலி இல்லாததால். கால் ஆடியது. விளக்கு ஆடவில்லை.

"ஆட மாட்டேங்குதே மாப்பிள்ள."

"நான் மேல இருந்து ஆட்டினாத்தானே அத்த ஆடும். இப்ப ரெண்டு பேரும் ஒரே தளத்துல இருக்கோம்."

மாமியாரின் கண் விளக்கிலிருந்து சங்கிலிக்கும், சங்கிலியிலிருந்து கூரைக்கும் போனது.

"அப்ப மேல இன்னொரு மாடி எடுக்க என்ன ஆகும்?"